பட்டம் முடிச்சாச்சு, கொழும்பில ‘டிரெய்னி’ வேலை: சேருறதா, அரச நியமனத்துக்குக் காத்திருக்கிறதா?

வன்னித்தம்பி:

வணக்கம் எல்லாருக்கும். யாழ்ப்பாணம் கம்பஸில வணிகம் முடிச்சனான், செக்கன்ட் அப்பர். இப்ப வெள்ளவத்தையில மூண்டு பெடியளோட ஒரு போர்டிங் அறையில இருக்கிறன். விண்ணப்பம் போட்டுப் போட்டு, கடைசியா கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஒரு கொம்பனியில கூப்பிட்டவை. பதவிப் பேர் ‘மனேஜ்மென்ட் டிரெய்னி’. ஆறு மாசம் பயிற்சி, மாசம் 35,000 ரூபா அலவன்ஸ். நியமனக் கடிதம் பயிற்சி முடியத்தான் தருவினமாம். ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) இல்லை. காலமை எட்டரைக்குப் போனா பின்னேரம் ஆறு மணி, சனிக்கிழமை அரை நாள். பட்டச் சான்றிதழின்ர மூலப்பிரதியை அவையிட்டக் குடுத்து வைக்க வேணுமாம்.

அப்பா கிளிநொச்சியில கமம் செய்யிறார். அவர் சேர வேண்டாம் எண்டுறார். “தனியாரில பேர் பதிஞ்சா, நாளைக்குப் பட்டதாரி நியமனம் வரேக்க உன்னை வெட்டிப் போடுவாங்கள், ஊருக்கு வா, சோதினைக்குப் படி” எண்டு ஒவ்வொரு நாளும் போன். என்னோட படிச்ச பெடியள் வேற மாதிரிச் சொல்லுறாங்கள்: ஈ.பி.எஃப் இல்லாததுதானாம் நல்லது, இங்கயும் உழைக்கலாம், அங்கயும் பேர் வெட்டுப்படாது.

எனக்குக் கீழ இரண்டு தங்கச்சிமார், ஒராள் இந்த வருசம் ஏ.எல். அறை வாடகை, சாப்பாடு, பஸ் போக வீட்டுக்கு அனுப்ப ஒண்டும் மிஞ்சாது. திங்கக்கிழமைக்குள்ள முடிவு சொல்ல வேணும். இந்த வழியால போன அண்ணாமார், அக்காமார் உண்மையைச் சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை_கடைத்தெரு:

தம்பி, யோசிக்காம சேருங்க. கொழும்பில முதல் வேலை கிடைக்கிறதுதான் கஷ்டம். ஆறு மாசம் பல்லைக் கடிச்சிட்டு இருந்தா சிவில எழுத ஒரு வரி கிடைக்கும். அதுக்குப் பிறகு நல்ல இடம் பார்த்துப் போகலாம்.

தேனாடு:

தம்பியின்ர அப்பாவை ஒருத்தரும் குறை சொல்ல வேணாம். அவர் சொல்றது காத்தில வந்த கதை இல்ல. நான் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில கலைப்பீடம் முடிச்சு, 2020 ஆம் ஆண்டு 50,000 பட்டதாரிகளுக்கு நியமனம் எண்டு அரசாங்கம் கொடுத்த நேரம் உள்ள போன ஆள். அந்த முறை பட்டியல் வந்தபோது ஊழியர் சேமலாப நிதியில பேர் இருந்த ஆக்களை முதல்ல கழிச்சுப் போட்டாங்க. என்னோட படிச்ச ஒரு பிள்ளை மட்டக்களப்பில ஒரு கடையில கணக்கெழுதி வீட்டைப் பார்த்த பிள்ளை. அவட பேர் பட்டியலில இல்ல. சத்தம் போட்டு, மேன்முறையீடு எழுதி, கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) நடந்து திரிஞ்சு அலைஞ்சாங்க. வீட்டில இருந்த ஆளுக்கு முதல் பட்டியலில இடம், உழைச்சுச் சாப்பிட்ட ஆளுக்கு வரிசையில கடைசி இடம். இதைக் கண்ணால கண்ட தகப்பன் வேற என்ன சொல்லுவார்?

உள்ள போன எங்கட நிலைமையும் சொல்றன். பயிற்சிக் காலத்துக்கு மாசம் 20,000 ரூபா கொடுப்பனவு. போட்ட கந்தோரில எங்களுக்கு இருக்கக் கதிரை இல்ல. ஒரு மேசைக்கு நாலு பேர். காலையில வந்து கையெழுத்து வெச்சிட்டு, ஆராவது ஒரு கோப்பைத் தந்தா அதைப் பிரதி பண்ணிக் கொடுக்கிறது, இல்லாட்டி யன்னலோரம் நிக்கிறது. நாலு வருசம் புவியியல் படிச்ச ஆக்கள் நாங்க. பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தர் எண்டு நிரந்தரமாச்சு. பாடசாலைகளுக்குப் போட்ட ஆக்கள் ஆசிரியர் சேவையில சேருங்க எண்டு கேட்டுத் தெருவில நிண்டதும் தெரியும்தானே.

ஆனா எங்க வீட்டில அந்தச் சம்பளம்தான் கூரை போட்டது. மகப்பேற்று லீவு, ஓய்வூதியம், கடன் எடுக்கச் சம்பளச் சீட்டு, எல்லாம் இருக்கு. 2025 வரவு செலவுத் திட்டத்தோட அரச ஊழியரின்ட குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 இலிருந்து 40,000 க்குக் கட்டம் கட்டமா உயர்த்தத் தீர்மானிச்சாங்க. உங்களுக்குத் தர நினைக்கிற 35,000 ஐ விட அது கூட.

தம்பிக்கு நான் சொல்றது இதுதான்: அரச வேலை வேணாம் எண்டு சொல்ல மாட்டன். ஆனா 2020 இல வந்த மாதிரி ஒரே நாளில பட்டியல் போட்டுக் கூப்பிடுவாங்க எண்டு நம்பிப் பாயில படுத்திராதீங்க. 2022 நெருக்கடிக்குப் பிறகு ஆட்சேர்ப்பு இறுகிப் போச்சு. இப்ப கதைக்கிறதெல்லாம் போட்டிப் பரீட்சை. வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்த்து, வேலை செய்துகொண்டே எழுதலாம்.

பழைய_கந்தோர்:

தொழில் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். தம்பி எழுதியதில் சேருவதா விடுவதா என்பதற்கு முன் பார்க்க வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது. உங்களுக்குச் சொல்லப்பட்ட நிபந்தனைகள் சட்டத்துக்குப் புறம்பானவை.

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம். அதில் ஊழியர் என்ற சொல்லுக்குள் ஊதியம் பெறும் பயிலுநரும் அடங்குவார். நிரந்தரம், தற்காலிகம், தகுதிகாண் காலம், பயிற்சி என்று பெயரை மாற்றிவிட்டால் பொறுப்பு போய்விடாது. வேலைக்குச் சேரும் முதல் நாளிலிருந்தே பங்களிப்பு ஆரம்பிக்க வேண்டும். உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளி தன் பங்காக 12 சதவீதம். அதற்கு மேல் 1980 இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 சதவீதம். ‘அலவன்ஸ்’ என்று எழுதினாலும் அது உங்கள் உழைப்புக்கான ஊதியம்தான்.

கணக்குப் பாருங்கள். 35,000 க்கு முதலாளியின் 12 சதவீதம் 4,200 ரூபா. 3 சதவீதம் 1,050 ரூபா. மாதம் 5,250. ஆறு மாதத்தில் 31,500 ரூபா. ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளத்தை அவர்கள் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். அதை நல்லது என்று உங்கள் நண்பர்கள் சொல்வது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது. பிள்ளைகள் தங்கள் பணத்தைத் தாங்களே வேண்டாம் என்று சொல்லும்படி ஒரு அரசாங்கப் பட்டியல் செய்துவிட்டதே.

கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954 இல் வந்தது. அதன் கீழ் சேரும்போதே பதவி, சம்பளம், வேலை நேரம், லீவு எல்லாம் எழுத்தில் தரவேண்டும். ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம். மேலே போனால் மேலதிக நேரத்துக்குக் கொடுப்பனவு. எட்டரையிலிருந்து ஆறு வரை, சனிக்கிழமையும் அரை நாள் என்றால் மதியச் சாப்பாட்டு நேரத்தைக் கழித்த பிறகும் 45 ஐத் தாண்டுகிறது.

மூலச் சான்றிதழைக் கொடுக்க வேண்டாம். நேரில் காட்டுங்கள், உறுதிப்படுத்திய பிரதியைக் கொடுங்கள். சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு விலக விடாமல் செய்த முறைப்பாடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேறு இடத்தில் நேர்முகத்துக்குப் போக அந்தப் பிள்ளைகளிடம் கையில் ஒரு தாள் இருக்காது.

தெஹிவளை_எச்ஆர்:

ஐயா சொன்னது முழுக்கச் சரி. நான் கொழும்பில் ஒரு நடுத்தர நிறுவனத்தில் ஆட்சேர்ப்புப் பார்க்கிறேன். எங்களிடமும் டிரெய்னி பதவி இருக்கிறது. முதல் நாளே கடிதம், முதல் மாதமே ஈ.பி.எஃப். அதனால் எங்கள் கொம்பனி முழுகிப் போகவில்லை. ஆகவே “கொழும்பில எல்லாரும் இப்படித்தான்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மற்றப் பக்கத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் வடக்கு, கிழக்கு, மலையகத்திலிருந்து வரும் சிவிகளைத் திறக்கும்போது எனக்கு மனம் கனக்கும். முதல் பக்கம் முழுக்கப் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், சமயம், சாதாரணதரத்தில் ஒன்பது பாடத்தின் பெறுபேறு. இரண்டாம் பக்கத்தில் மாணவத் தலைவர், சாரணர், சங்கீதத்தில் வடஇலங்கைச் சபைப் பரீட்சை. மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரே வரியில் இறுதியாண்டு ஆய்வு. ஒரு தம்பி நெல் கொள்வனவு செய்யும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பல வருடக் கணக்குகளை எடுத்து, கடன் எங்கே தேங்குகிறது என்று ஆராய்ந்திருந்தார். அதுதான் அவரிடம் இருந்த பெரிய சொத்து. சிவியில் அதன் தலைப்பு மட்டும்தான் இருந்தது. நேர்முகத்தில் தமிழில் கேட்டேன். பக்கத்தில் இருந்த எங்கள் கணக்கு முகாமையாளரும் தமிழர்தான், குறிப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார். பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னோம். நான்கு வசனத்தோடு நின்றுவிட்டது. அந்தப் பிள்ளைக்கு விடயம் தெரியாமல் இல்லை. நாலு வருடத்தில் ஒருவரும் அவரை எழுந்து நின்று பேசச் சொல்லவில்லை.

கணக்கு வேலைக்கு நாங்கள் வைக்கும் சோதனை மிகச் சாதாரணமானது. எக்ஸெலில் இரண்டு பட்டியல் தருவோம். ஒன்று விற்பனைச் சிட்டைகள், மற்றது வங்கிக்கு வந்த பணம். எந்தச் சிட்டைக்குப் பணம் வரவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். வீலுக்கப் என்ற எக்ஸெல் சூத்திரம் தெரிந்தால் சில நிமிட வேலை. நல்ல வகுப்போடு வந்த பிள்ளைகள் ஒவ்வொரு வரியாகக் கண்ணால் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழகங்களில் தொழில் வழிகாட்டல் பிரிவு இருக்கிறது. இறுதியாண்டில் அங்கே போய் மாதிரி நேர்முகம் கேளுங்கள். விரிவுரையாளர் கேட்காவிட்டாலும் நீங்களாகப் போய்க் கேளுங்கள்.

வன்னித்தம்பி, உங்கள் சிவியில் பெயர், தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு இங்கே போடுங்கள். நான் பார்த்துச் சொல்கிறேன்.

மலைக்காற்று:

அக்கா சொன்னதெல்லாம் பயனுள்ளது. ஆனா இந்த இழையில ஒரு விஷயத்த யாரும் தொடல. “ஆறு மாசம் பல்லைக் கடிச்சிட்டு இரு”னு சொல்ற அண்ணனுக்கு கொட்டாஞ்சேனையில சொந்த வீடு இருக்கும். அம்மா சமைச்ச சோறு இருக்கும். அப்படி இருந்தா 35,000 முழுசா கையில நிக்கும். ஹட்டன்லருந்து, கிளிநொச்சியிலருந்து, அக்கரைப்பற்றுலருந்து வர்றவனுக்கு அந்தக் காசு போர்டிங்காரம்மா கையிலதான் போய்ச் சேருது.

எங்க அண்ணன் தோட்டத்துலருந்து பேராதனைக்குப் போன பையன். எங்க லயத்துல முதல் பட்டதாரி. கொழும்புக்கு வந்து ஒரு இடத்துல இன்டர்னா சேர்ந்தாரு, சம்பளமே கிடையாது, பஸ் காசு மட்டும். பகல்ல ஆபிஸ், ராத்திரி வத்தளையில ஒரு சாப்பாட்டுக் கடையில பில் போடுறது. அம்மா கொழுந்து எடுத்த காசுல அவருக்கு அனுப்புனாங்க. யோசிச்சுப் பாருங்க: தேயிலைத் தோட்டத்துல வேலை செய்ற ஒரு தாய், கொழும்புல ஏசி போட்ட ஆபிஸ்ல ஒரு கொம்பனிக்கு இலவசமா ஆள் குடுத்து, அந்த ஆளுக்குச் சாப்பாடும் போட்டிருக்காங்க. இதுக்கு அனுபவம்னு பேரு.

அதே இடத்துல அவரோட சேர்ந்த ரெண்டு பேர் கொழும்புப் பிள்ளைங்க. அவங்க வருஷம் முழுக்க இருந்தாங்க, நிரந்தரமாச்சு. அண்ணனால இருக்க முடியல, பாதியில விட்டுட்டாரு. திறமையில ஒரு குறையும் இல்ல. அடுத்த மாச வாடகை இல்ல, அவ்வளவுதான். நேர்முகத்துல “ஏன் பாதியில விட்டீங்க”னு கேட்டா என்ன சொல்றது?

அதனால வன்னித்தம்பி, முதல்ல ஆறு மாசத்துக்கு உங்க கணக்க எழுதுங்க. வாடகை, சாப்பாடு, பஸ், போன் டேட்டா, நேர்முகத்துக்கு ஒரு நல்ல சப்பாத்து. 35,000ல அது நிக்குதா? நிக்கலன்னா அந்த வேலையோட பேர் எவ்வளவு அழகா இருந்தாலும் உங்களால அங்க நிலைக்க முடியாது.

பம்பலப்பிட்டி_முதலாளி:

பதினைந்து பேர் வேலை செய்யும் சிறிய நிறுவனம் நடத்துகிறேன். எங்கள் தரப்பையும் கேளுங்கள். 2022 இல் டொலர் ஏறியபோது கடையைப் பூட்டாமல் காப்பாற்றியது எப்படி என்று எனக்குத்தான் தெரியும். பட்டதாரி ஒருவர் வந்தால் முதல் மூன்று மாதம் அவரிடமிருந்து எங்களுக்கு வருமானம் இல்லை. எனது மூத்த ஊழியர் ஒருவர் தன் வேலையை விட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். கொஞ்சம் தேறியதும் டுபாய், கட்டார், அவுஸ்திரேலியா என்று போய்விடுகிறார்கள். சான்றிதழைப் பிடித்து வைப்பதை நான் ஆதரிக்கவில்லை, செய்ததும் இல்லை. ஆனால் பயிற்சிக் காலத்துக்குக் குறைந்த சம்பளம் என்பது நியாயம்தான். நாங்களும் நட்டத்தைத் தாங்குகிறோம்.

பழைய_கந்தோர்:

குறைந்த சம்பளம் பேசிக்கொள்வது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான விடயம், சட்டம் சொல்லும் குறைந்தபட்ச வேதனத்துக்குக் கீழே போகாதவரை. அது 2025 ஏப்ரலிலிருந்து 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000. ஆனால் கடிதமும் சேமலாப நிதியும் பேரம் பேசும் பொருட்கள் அல்ல. நீங்கள் 35,000 தான் தாங்க முடியும் என்றால் உங்கள் 15 சதவீதப் பங்கையும் சேர்த்து 35,000 ஆகும்படி சம்பளத்தை வெளிப்படையாகச் சொல்லுங்கள். பிள்ளை பார்த்து முடிவெடுக்கட்டும்.

போய்விடுகிறார்கள் என்பது உண்மை. எழுத்தில் எதுவுமே கொடுக்காத இடத்தை விட்டுப் போக அவர்களுக்கு எந்தத் தயக்கமும் இருக்காது என்பதும் உண்மை.

ஒலுவில்_மகள்:

பெண் பிள்ளைகளின்ட பாட்டையும் கொஞ்சம் கதைப்போம். தொகைமதிப்புத் திணைக்களம் காலாண்டுக்கு ஒருக்கா வெளியிடுற தொழிலாளர் படை அறிக்கையை எடுத்துப் பாருங்க. நாட்டில மொத்த வேலையின்மை பெரிய கணக்கில்ல. ஆனா ஏ.எல்லும் அதுக்கு மேலயும் படிச்ச ஆக்கள்ட பக்கம் போனா கூடுது, அதிலயும் பெண்கள்ட பக்கம் ஆண்களை விட நல்லாக் கூடுது. பல்கலைக்கழகத்துக்குள்ள போறதில பாதிக்கு மேல நாங்கதான்.

நான் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில முடிச்சு, ராத்தா வீட்டில நின்று மாளிகாவத்தையிலருந்து வேலைக்குப் போறன். இன்டர்வியூவில கேட்ட முதல் கேள்வி “எப்ப கலியாணம்?” இரண்டாவது “இரவு எட்டு மணி வரைக்கும் நிக்க ஏலுமா?” வாப்பா சொன்னது, ஆறு மணிக்கு மேல பஸ்ஸில வாறதெண்டா வேலையே வேணாம். அதிலயும் நியாயம் இருக்கு. பின்னேரம் நிறைஞ்ச பஸ்ஸில ஒரு பெண் பிள்ளை படுறபாடு எல்லாருக்கும் தெரியும். கடைசியில நான் எடுத்த வேலை சம்பளம் குறைவு, ஆனா நாலரைக்கு விடும். இப்படி நேரத்தைப் பார்த்து வேலை எடுக்கிற பெண்கள் ஆயிரம் பேர். இதை “பிள்ளைகளுக்கு லட்சியம் இல்ல” எண்டு சொல்றது பெரிய அநியாயம்.

இன்னொண்டு, சிங்களம். விளம்பரத்தில இங்கிலீஷ் எண்டு மட்டும் போடுவாங்க. உள்ள போனா கூட்டம் இங்கிலீஷில தொடங்கி அஞ்சு நிமிசத்தில சிங்களத்துக்கு மாறிடும். வாடிக்கையாளர் போன் எடுத்தா சிங்களம். பகல் சாப்பாட்டு மேசையில முழுக்கச் சிங்களம், வேலைட உள்விசயம் எல்லாம் அங்கதான் கதைபடும். வெள்ளவத்தையில தமிழோட மட்டும் சீவிச்சிடலாம், ஒப்பிஸில ஏலாது. ராஜகிரியவில அரசகரும மொழிகள் திணைக்களம் இருக்கு, அகலவத்தையில தேசிய மொழிக் கல்வி, பயிற்சி நிறுவகம் இருக்கு. இரண்டு இடத்தையும் விசாரிச்சுப் பாருங்க. அரச வேலைக்குப் போனாலும் இரண்டாம் மொழித் தேர்ச்சி கேட்பாங்க, ஆகவே சிங்களம் படிக்கிறதுக்குப் போடுற காசு வீணாகாது.

நூலகத்து_ஆள்:

தம்பியின் கேள்விக்குக் கொஞ்சம் தள்ளி நின்று எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1971 இல் டட்லி சீயர்ஸ் தலைமையில் சர்வதேசத் தொழில் அமைப்பின் குழு ஒன்று இலங்கைக்கு வந்து பெரிய அறிக்கை ஒன்று கொடுத்தது. படித்த இளைஞர்கள் எதிர்பார்க்கும் வேலை ஒன்று, நாட்டில் இருக்கும் வேலை இன்னொன்று, இரண்டும் பொருந்தவில்லை என்பது அதன் சாரம். அதே ஆண்டு ஏப்ரலில் தெற்கில் இளைஞர் கிளர்ச்சி நடந்திருந்தது. வடக்கில் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல் பற்றிய பேச்சு அந்த ஆண்டுகளில்தான் தொடங்கியது. அதற்குப் பிறகு எத்தனை அரசாங்கம் மாறியது, எத்தனை பாடத்திட்டம் மாறியது. இன்றைக்கும் ஒரு தொலைக்காட்சி விவாதத்தைப் போட்டால் அதே பேச்சு: பிள்ளைகளின் எதிர்பார்ப்பு பிழை, மனப்பாங்கை மாற்ற வேண்டும்.

ஐம்பது வருடத்துக்கு மேலாக ஒரே பிள்ளைகள் பிழை விடவில்லை. தலைமுறை தலைமுறையாக வேறு வேறு பிள்ளைகள் வந்து அதே முடிவை எடுக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு முன்னால் இருக்கும் வழி அப்படி அமைந்திருக்கிறது. அரச வேலையில் எழுத்தில் உறுதி உண்டு. தனியாரில் பெரிய நிறுவனங்களைத் தவிர்த்தால் அந்த உறுதி இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் ஒரு நியமனம் வரும் என்று அரசியல்வாதிகள் பழக்கியும் விட்டார்கள். அப்பாமார் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

நேரமும் ஒரு கொடுமை. ஏ.எல் எழுதி, பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, பல்கலைக்கழகம் திறக்க ஒரு காலம். உள்ளே போன பிறகு கொரோனா, பொருளாதார நெருக்கடி, 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம். இருபத்தைந்து, இருபத்தாறு வயதில்தான் முதல் சம்பளத்தைப் பற்றி யோசிக்கிறார்கள். வெளிநாட்டுப் பட்டத்துக்குக் காசு கட்டிய பிள்ளை அதற்கு நாலு வருடம் முன்பே வேலையில் இருக்கிறது. இலவசக் கல்வியில் படித்த பிள்ளை பிந்தி வருவது அந்தப் பிள்ளையின் குற்றமில்லை.

வன்னித்தம்பி:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பேர் எழுதுவினம் எண்டு நினைக்கேல்லை. இரவு அறைப் பெடியளுக்கும் வாசிச்சுக் காட்டினன்.

மலைக்காற்று அண்ணா சொன்ன மாதிரிக் கணக்கெழுதினன். ஒரு கட்டிலுக்கு 15,000, சாப்பாடு எவ்வளவு குறைச்சாலும் 18,000, வெள்ளவத்தையிலயிருந்து கொள்ளுப்பிட்டிக்கு 100 ஆம் நம்பர் பஸ், டேட்டா. 35,000 காணாது. வீட்டுக்கு அனுப்புறது இருக்கட்டும், வீட்டிலயிருந்து எடுக்க வேண்டி வரும்.

நேற்று அந்தக் கொம்பனிக்கு மெயில் போட்டன். தெஹிவளை அக்கா தனிமடலில திருத்தித் தந்தவ. மூண்டு விசயம் கேட்டன்: சேருற நாளில கடிதம், முதல் மாசத்திலயிருந்து ஈ.பி.எஃப், மூலச் சான்றிதழுக்குப் பதிலாப் பிரதி. மரியாதையாத்தான் எழுதினது. இண்டைக்குக் காலமை போன் எடுத்தவை. கடிதம் தரலாமாம். பிரதி காணுமாம். ஈ.பி.எஃப் மட்டும் மூண்டு மாசத்துக்குப் பிறகுதானாம், “பாலிசி அப்படி”. சம்பளம் 40,000 ஆக்கலாமாம், சனிக்கிழமை வேலை மாறாதாம்.

அப்பாவோடயும் கதைச்சனான். தேனாடு அக்கா எழுதினதை வாசிச்சுக் காட்டினன். “அப்ப நான் சொன்னது பொய்யில்லைத்தானே” எண்டார். பேந்து கொஞ்சம் பொறுத்து, பரீட்சைக்கு விண்ணப்பிக்கிறதை விட மாட்டன் எண்டு சொல்லு எண்டார். சொன்னன்.

இப்ப என்ர கேள்வி, மூண்டு மாசத்துக்குப் பிறகு எண்டுறதை ஏற்கலாமோ?

பழைய_கந்தோர்:

சட்டத்தில் அப்படி மூன்று மாதம் கிடையாது, தம்பி. ஒரு நிறுவனத்தின் பாலிசி பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கு மேலே போகாது. கடிதத்தில் சேரும் திகதி தெளிவாக இருந்தாலே போதும், அந்தத் திகதியிலிருந்து பங்களிப்புக்கு உங்களுக்கு உரிமை உண்டு. அவர்கள் வாயால் சொன்ன மூன்று மாதத்தால் அது இல்லாமல் போகாது. ஆனால் “முதல் மூன்று மாதத்துக்கு ஈ.பி.எஃப் வேண்டாம்” என்று உங்களிடம் எழுத்தில் ஒப்புதல் கேட்டால் கையெழுத்து வைக்காதீர்கள்.

தெஹிவளை_எச்ஆர்:

40,000, கடிதம், பிரதி. கேட்டதில் முக்கால்வாசி கிடைத்திருக்கிறது, ஒரு மெயிலுக்கு. திரும்ப ஒரு வரி எழுதுங்கள்: “சேரும் திகதியிலிருந்து பங்களிப்பு ஆரம்பமாகும் என்று எடுத்துக்கொள்கிறேன், கணக்குப் பிரிவுக்கு எனது விபரங்களை அனுப்பட்டுமா?” பெரும்பாலான இடங்களில் எச்.ஆர் பகுதிக்கு இது சட்டம் என்று தெரியும். கேட்கும் பிள்ளையிடம் அவர்கள் விளையாடுவது குறைவு.

சனிக்கிழமைக்கு மாறாக ஒரு கிழமை நாளில் நேரத்தோடு விட முடியுமா என்று கேளுங்கள். அந்த நேரத்தில் சிங்கள வகுப்போ பரீட்சைப் படிப்போ செய்யலாம்.

மலைக்காற்று:

சேருங்க தம்பி. 40,000ல கஷ்டப்பட்டு நிக்கலாம். ஆனா சேர்ந்த அன்னைக்கே அடுத்த வேலை தேடுறத நிறுத்திடாதீங்க. கூட இருக்கிற அறைப் பசங்களுக்கும் இந்த மெயில் மாதிரியக் குடுங்க. ஒருத்தர் கேட்டா தனியாளு. வர்றவங்க எல்லாரும் கேட்டா அவங்க பாலிசி மாறும்.

மட்டக்குளி_அக்கா:

இடையில புகுந்து கேக்கிறன், மன்னிச்சுக்கொள்ளுங்க. என்ர தங்கச்சி ஒரு இடத்தில தை மாசத்திலயிருந்து வேலை. கடிதம் இல்ல, ஈ.பி.எஃப் இல்ல, சம்பளம் மட்டும் வங்கிக்கு வருது. வேலையை விட்டாத்தான் முறைப்பாடு செய்யலாமா? போன மாசங்களுக்கு ஒண்டும் செய்ய ஏலாதா?

பழைய_கந்தோர்:

வேலையில் இருந்துகொண்டே செய்யலாம், மகள். போன மாதங்களுக்கும் சேர்த்து அறவிடலாம். பிந்திக் கட்டும் முதலாளிக்குத் தாமதத்தைப் பொறுத்து 5 சதவீதத்திலிருந்து 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் உண்டு, அது தங்கச்சியின் பையிலிருந்து போகாது.

கடிதம் இல்லாததைப் பற்றிப் பயப்பட வேண்டாம். வேலை செய்தார் என்று காட்டும் எதையும் சேர்த்து வையுங்கள். சம்பளம் வந்த வங்கிக் கூற்று, ஒப்பிஸ் மெயில், வரவுப் பதிவின் படம், வாட்ஸ்அப்பில் முகாமையாளர் வேலை சொன்ன செய்திகள், அடையாள அட்டை கொடுத்திருந்தால் அதன் பிரதி. எல்லாவற்றையும் அலுவலகக் கணினியில் வைக்காமல் தன் கைவசம் வைக்கச் சொல்லுங்கள். பிறகு வேலைத்தலம் இருக்கும் பகுதிக்குரிய தொழில் அலுவலகத்துக்குப் போக வேண்டும். எது என்று தெரியாவிட்டால் நாரஹேன்பிட்டி தொழில் செயலகத்தில் கேட்டால் சொல்வார்கள். தமிழில் எழுதிக் கொடுக்கலாம், அது அரசகரும மொழி. முறைப்பாட்டில் நிறுவனத்தின் பெயர், விலாசம், சேர்ந்த திகதி, மாதச் சம்பளம், இந்த நான்கும் தெளிவாக இருக்கட்டும். கொடுத்த பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் திரும்பி வர வேண்டாம்.